பெருமையின் வாரிசுகள்

வங்கிக் கவுண்டரில் 12 வருஷம் உட்கார்ந்ததில் ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்துகொண்டிருக்கிறேன். இறந்துபோனவர் பெயரில் டெபாசிட் இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு ஏழெட்டுப் பேர் வருவார்கள். கடன் இருந்தால் யாரும் வரமாட்டார்கள். 'அவரோட எங்களுக்குப் பேச்சுவார்த்தையே இல்லீங்க' என்பார்கள். இரண்டு சமயத்திலும் அதே ரத்தம்தான். மாறுவது பேரேட்டின் பக்கம்.

இதை இங்கே சொல்லக் காரணம், மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள துளசேந்திரபுரம். கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனுக்குப் பூர்வீகம் அந்த ஊர். பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்தில் பக்கத்துப் பைங்காநாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2020 நவம்பரில் அங்கே வாசல்களில் கோலம் போட்டு வாழ்த்து எழுதினார்கள். 2021 ஜனவரி 20ஆம் தேதி அவர் அமெரிக்கத் துணை ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது வெடி வெடித்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள். 2024 நவம்பரில் அவர் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது தர்ம சாஸ்தா கோயிலில் அபிஷேகம் நடந்தது. மறுநாள் அவர் தோற்றார். அத்தோடு காமிராக்கள் போய்விட்டன.

சிற்றிதழ் வட்டத்து நண்பர்கள் சிலர் இதையெல்லாம் கேலி செய்தார்கள். எங்கேயோ பிறந்து, யாரோ வளர்த்து, யாரோ ஓட்டுப் போட்ட ஒரு பெண்மணிக்காக இந்த ஊர்க்காரன் ஏன் வெடி வெடிக்கவேண்டும் என்றார்கள். கேலி செய்வது சுலபம். எனக்கு அந்தச் சுலபத்தின்மேல் சந்தேகம் உண்டு. உறவினர் ஒருவர் அடைந்த வெற்றியில் நாம் கொள்ளும் பெருமைக்கு ஏதாவது தார்மிக அடிப்படை இருக்கிறதா என்ற கேள்வி, கேலிக்குப் பின்னாலும் அப்படியே நிற்கிறது.

முதலில் ஒரு பாகுபாடு. 'வெளிநாட்டு உறவினர்கள்' என்ற சொல் நம் ஊரில் எப்போதும் போனவர்களைக் குறிக்கும். இங்கே திசை மாறிவிட்டது. வாஷிங்டனிலிருந்து பார்த்தால் நாம்தான் வெளிநாட்டு உறவினர்கள். அந்த உறவினர்களிலும் இரண்டு வகை. ஒன்று, ரத்த சம்பந்தம் உள்ளவர்கள். அவர்கள் துளசேந்திரபுரத்தில் இல்லை. டில்லியிலும் சென்னையிலும் இருந்தார்கள். கமலா 2010இல் கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்றபோது, பெஸன்ட் நகர் வரசித்தி விநாயகர் கோயிலில் சித்தி 108 தேங்காய் உடைத்ததாகச் செய்தி வந்தது. 108 தேங்காய் உடைப்பது ஒரு மனுஷிக்காகச் செய்யும் காரியம். வேலைக்கு இண்டர்வியூ போகும் பெண்ணுக்காகவும் சித்திகள் அதைத்தான் செய்வார்கள். இன்னொரு வகை, ரத்த சம்பந்தம் ஏதுமில்லாத ஊர்க்காரர்கள். காவிரிப் படுகையின் மற்ற அக்கிரகாரங்களிலிருந்து போனதைப் போலவே இங்கிருந்தும் குடும்பங்கள் போய்விட்டன. கோலம் போட்டவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. அவர்களுக்கு அந்தப் பெண்மணியைத் தெரியாது. அவர்களிடம் இருப்பது ஒரு பெயர் மட்டும்.

அந்தப் பெயர் கல்லில் இருக்கிறது. கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலில் 2014ஆம் வருஷத்துக்கு நேராகக் கமலா ஹாரிஸ், 5,000 ரூபாய். தாத்தாவின் பெயரும் அங்கே உண்டு. இந்தப் பிரதேசத்துக்குக் கல்லில் பெயர் வெட்டுவது புதிதில்லை. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் தான் கொடுத்ததோடு தன் அக்காள் கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் வெட்டி வைக்கச் சொன்னவன். கோயிலில் ஆடுவதற்குக் கொண்டுவந்த 400 பெண்களின் பெயரையும், அவர்கள் குடியிருந்த வரிசையையும், வந்த ஊரையும் அந்தச் சுவர் சொல்கிறது. கொடுத்தவனும் கொடுக்கப்பட்டவளும் ஒரே சுவரில். நாம் கொடுத்தவன் பகுதியைத்தான் படித்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

இனி கேள்விக்கு வருகிறேன். ஒரு தரப்பு வாதம் இது: பெருமை என்பது தன் செயலுக்கு மட்டுமே உரியது. நான் செய்யாத ஒன்றில் நான் பெருமை கொள்வது திருட்டு. இந்த வாதம் சுத்தமாக இருக்கிறது. வாழ்க்கையோடு சம்பந்தமில்லாமல் இருப்பதும் அதனால்தான். யாரும் தன்னால் மட்டும் உருவாவதில்லை. கமலாவே இதைச் சொல்லியிருக்கிறார். சிறுமியாகச் சென்னைக்கு வந்த நாட்களில் பெஸன்ட் நகர் கடற்கரையில் தாத்தாவும் அவருடைய ஓய்வு பெற்ற நண்பர்களும் ஜனநாயகம் பற்றியும் ஊழல் பற்றியும் பேசிக்கொண்டு நடந்ததைக் கேட்டுக்கொண்டு கூடப் போனதாகப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். கோபாலன் அரசாங்க உத்தியோகஸ்தர். 1960களில் ஜாம்பியாவில் அகதிகள் நிவாரண வேலைக்கு இந்திய அரசு அவரை அனுப்பியது. தன் மகள் சியாமளாவை 1958இல், 19 வயதில், தனியாகக் கலிபோர்னியாவுக்குப் படிக்க அனுப்பினார். அந்த வருஷத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கும்பகோணத்துக் காலேஜுக்கு அனுப்பவே மூன்று மாமாக்களின் சம்மதம் வேண்டியிருந்திருக்கும். ஆகவே வம்சத்திலிருந்து எதுவும் வரவில்லை என்று சொல்ல முடியாது. 2020 ஆகஸ்டில் கட்சி மாநாட்டில் வேட்புமனுவை ஏற்றுப் பேசும்போது அவர் 'சித்திகள்' என்று தமிழில் சொன்னார். மேலே இருப்பவர் கீழே இருக்கும் வேரைச் சொந்தம் கொண்டாடலாம் என்றால், வேர் இருந்த மண் அவரைச் சொந்தம் கொண்டாடுவது எப்படித் தப்பாகும்?

இங்கேதான் எனக்கு வங்கிப் புத்தி வருகிறது. அவர் தாத்தாவை நினைப்பது கடனை ஒப்புக்கொள்வது. நாம் அவரைச் சொந்தம் கொண்டாடுவது வரவு வைத்துக்கொள்வது. ஒரே உறவு, ஆனால் இரண்டும் ஒரே பதிவு இல்லை. கடனை ஒப்புக்கொள்பவனுக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. வரவு கேட்பவனிடம் கேட்டே ஆகவேண்டும்.

என்ன சான்று கேட்பது? ஒன்றைத்தான் கேட்கலாம் என்று எனக்குப் படுகிறது: பற்றுப் பக்கத்தையும் ஏற்றுக்கொள்கிறாயா?

கமலாவின் இன்னொரு பக்கத்து உறவை எடுத்துக்கொள்வோம். தந்தை டொனால்ட் ஹாரிஸ் ஜமைக்காக்காரர், ஸ்டான்ஃபோர்டில் பொருளாதாரம் போதித்தவர். ஜமைக்கா வாசகர்களுக்காகத் தன் குடும்பத்தைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றில், தன் தந்தைவழிப் பாட்டி, தோட்ட முதலாளியும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவனுமான ஹாமில்டன் பிரௌனின் வம்சாவளி என்று அவரே எழுதுகிறார். எதிர்க்கட்சிக்காரர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது வேறு விஷயம். மகள் அரசியலில் மேலே போய்க்கொண்டிருக்கும்போது தந்தை தன் வம்சத்தின் பேரேட்டில் பற்றையும் எழுதிவைத்திருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். 2019 பிப்ரவரியில், ஜமைக்கா வேரையும் கஞ்சாவையும் இணைத்து மகள் ஒரு வானொலிப் பேட்டியில் வேடிக்கையாகப் பேசியதற்கு அவர் பகிரங்கமாக ஆட்சேபம் தெரிவித்தார். வெற்றி பெற்ற உறவினரிடம் 'இது சரியில்லை' என்று சொல்லும் உரிமையும் உறவில் அடக்கம் என்று அந்த மனிதர் நினைத்திருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் அப்படி ஒரு குரலும் கேட்கவில்லை. கமலா எந்த அரசியலில் ஜெயித்தார் என்று துளசேந்திரபுரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலேயே அதிகம் பேர் கேட்கவில்லை. அரசு வழக்கறிஞராக அவர் யாரைச் சிறைக்கு அனுப்பினார், காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்த அரசாங்கத்தில் அவர் இரண்டாம் இடத்தில் இருந்தாரே, அதை என்ன செய்வது என்றெல்லாம் கேட்பது கல்யாண வீட்டில் கணக்குக் கேட்பது மாதிரி. அரசியல் வெற்றியிலிருந்து அரசியலைக் கழித்துவிட்டு வெற்றியை மட்டும் வாங்கிக்கொண்டோம். நம் குடும்பங்களுக்கு அது மெடிக்கல் சீட் கிடைத்த மாதிரி இன்னொரு 'பாஸ்'. அவருடைய கறுப்பையும் அப்படியே கழித்தோம். தன் பெண்களை அமெரிக்கா கறுப்பினத்தவர்களாகத்தான் பார்க்கும் என்று தெரிந்தே சியாமளா அவர்களைக் கறுப்புப் பெண்களாக வளர்த்தார் என்பதைக் கமலா தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஜாதகம் பார்த்துச் சிவப்புத் தோல் தேடும் நம் வீடுகளில் அந்த வாக்கியத்துக்கு இடம் ஏது? 'தமிழ்ப் பெண்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம்.

பற்றுப் பக்கம் இன்னும் நீளமானது. கோபாலன் குடும்பத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு ஆதாரமுமில்லை. நம்மைப் பற்றிச் சொல்கிறேன். பூர்வீகம் என்று ஆரம்பித்தால் இந்த மண்ணின் பூர்வீகம் முழுவதும் வரவேண்டும். பண்ணையாள் முறை என்று ஒன்று இங்கே இருந்தது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று தனியாக ஒரு சட்டம் போடும் அளவுக்கு இருந்தது. அதற்கு 16 வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25ஆம் தேதி ராத்திரி, அன்றைய தஞ்சை ஜில்லாவின் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். இந்த ஜில்லாக்காரன் ஒருவன் பெர்க்லியில் படித்தால் அது நம் மண்ணின் மகிமை. இந்த ஜில்லாவில் குடிசை எரிந்தால் அது யாரோ சில மிராசுதாரர்களின் குற்றம். பெருமைக்கு மட்டும் பரம்பரை, வெட்கத்துக்குத் தனிநபர். இந்தக் கணக்கை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

இவ்வளவையும் ஒரு பொதுக் கட்டுரையாக எழுதி முடித்துவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். முடியவில்லை. இந்தக் கேள்வி எனக்குத் துளசேந்திரபுரத்தில் ஆரம்பிக்கவில்லை.

என் அப்பாவுக்கு ஒரு தங்கை. நான் பிறப்பதற்கு முன்பே வேறு ஜாதிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கிலாந்து போய்விட்டார். வீட்டில் அத்தையின் பெயரைச் சொல்வதில்லை. கூடத்துச் சுவரில் இருந்த குரூப் போட்டோவில் ஒரு ஓரம் மடித்து ஃப்ரேம் போடப்பட்டிருந்தது. 2003இல் தாத்தா இறந்தபோதுதான் அத்தையின் ஞாபகம் வந்தது. நிலத்தையும் வீட்டையும் பாகம் பிரிக்க அவர் கையெழுத்து வேண்டும். தூதரக முத்திரையோடு பவர் பத்திரம் அனுப்பினார். அதை வைத்து விடுதலைப் பத்திரம் எழுதினார்கள். அன்பையும் பாசத்தையும் முன்னிட்டுத் தன் பாகத்தை விட்டுக்கொடுப்பதாக அதில் ஒரு வாசகம். பத்திர எழுத்தர்கள் வழக்கமாக எழுதுவதுதான். எங்கள் குடும்பத்தில் அத்தைக்கும் பாசத்துக்கும் சம்பந்தப்படுத்தி எழுதப்பட்ட ஒரே வாக்கியம் அதுதான்.

பத்திரத்தோடு பாட்டிக்கு ஒரு கடிதமும் இருந்தது. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அப்போது 15 வயது. நான்தான் படித்துக் காட்டினேன். சொத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிணற்றடிப் பவழமல்லி இருக்கிறதா, அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, தன் பெண்ணுக்கு 10 வயது, பாட்டியைப் பார்க்கவேண்டும் என்கிறாள், இவ்வளவுதான். பாட்டி, 'பதில் போடுடா' என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அப்பா, 'ரிஜிஸ்ட்ரேஷன் முடியட்டும், அப்புறம் போடலாம்' என்றார். ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்தது. கடிதம் என் இங்கிலீஷ் கிராமர் புத்தகத்தில் இருந்தது. பாட்டி இரண்டு மூன்று தடவை கேட்டாள். 'போட்டாச்சு' என்றேன். அப்பா சொல்லி நான் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. தபாலாபீஸ் அடுத்த தெருவில்தான் இருந்தது. 2009இல் பாட்டி இறந்துபோனாள்.

2022 மே மாதம் அந்தப் பெண், அத்தை மகள், அங்கே ஒரு நகரசபைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். யாரோ செய்தியைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் 70, 80 வாழ்த்துக்கள். 'நம்ம ரத்தம்' என்று பெரியப்பா எழுதினார். அந்த ரத்தம் எங்கே கலந்துவிட்டதென்று 30 வருஷம் வாயைத் திறக்காமலிருந்தவர். தெருமுனையில் ஃப்ளெக்ஸ் போர்டு வைக்க முடிவாயிற்று. அதில் அத்தை மகள் நடுவில், மேலே தாத்தா பாட்டி, இடது ஓரத்தில் அப்பா கைகூப்பிக்கொண்டு. அத்தையின் புருஷன் படம் இல்லை. வாசகம் எழுதும் பொறுப்பு, பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன், பத்திரிகையில் எழுதுகிறவன் என்று என்னிடம் வந்தது. எழுதிக் கொடுத்தேன். இலக்கியத்தில் ஒரு சொல் பொய்யாக விழுந்தால் நாலு பக்கம் கண்டித்து எழுதுகிறவன், 'எங்கள் குலவிளக்கு' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆகவே, பெருமை கொள்கிறவர்களைப் பற்றி எழுதும்போது நான் வெளியில் நின்று எழுதவில்லை.

ஆனாலும் என் குடும்பத்தையும் துளசேந்திரபுரத்துக்காரர்களையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம் என்று இப்போது தோன்றுகிறது. எங்களுக்கு மறைக்கக் கடன் இருந்தது. கோலம் போட்ட அந்தப் பெண்களுக்கு என்ன கடன்? அவர்கள் யாரையும் போட்டோவிலிருந்து மடித்து வைக்கவில்லை. யாரிடமும் விடுதலைப் பத்திரம் வாங்கவில்லை. ஊருக்குப் பேர் வந்தால் ரோடு வரும், குளம் வெட்டுவார்கள் என்ற எதிர்பார்ப்பு சிலருக்கு இருந்திருக்கலாம். அது நியாயமான எதிர்பார்ப்புதான். துணை ஜனாதிபதியாக இருந்த 4 வருஷத்தில் கமலா அந்த ஊருக்கு வரவில்லை. யாரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இது மாதிரி ஊர்கள் வேறெங்கும் உண்டு. 2008இல் ஒபாமா ஜெயித்தபோது கென்யா நவம்பர் 6ஆம் தேதியைப் பொது விடுமுறையாக்கியது. தந்தைவழி ஊரான கொகெலோவில் ஆடிப்பாடினார்கள். அவர் தாய்வழியில் ஐந்து தலைமுறை மேலே போனால் அயர்லாந்தில் மணிகால் என்ற சிற்றூர். 1850இல், பஞ்ச காலத்தை ஒட்டி, ஒரு செருப்புத் தைப்பவரின் மகன் அங்கிருந்து கப்பலேறியிருக்கிறான். 2011இல் ஒபாமா அந்த ஊருக்கு வந்தார். இன்று அங்கே நெடுஞ்சாலையில் பெட்ரோல் போடும் இடத்துக்கு அவர் பெயர். இதையும் கேலி செய்யலாம். ஆனால் பஞ்சத்தில் பெருமளவு காலியான ஒரு தேசத்தில், கப்பலேறியவன் செத்தவனுக்குச் சமம் என்று ஒப்பாரி வைத்து வழியனுப்பிய ஊரில், 160 வருஷம் கழித்து ஒருவன் திரும்பி வருவது என்ன அர்த்தத்தைக் கொண்டிருக்கும்? நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாக் கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் ஊர்கள் நம் பக்கத்தில் எத்தனை! அந்த ஊர்களில் ஃப்ளெக்ஸ் போர்டு கிடையாது. போனவர்கள் யாரும் ஜனாதிபதியாகவில்லை. ரப்பர் மரம் வெட்டினார்கள், கடை வைத்தார்கள், சில பேர் காணாமல் போனார்கள். போனவர்களால் ஆன ஒரு ஜில்லா இது. போனவர்கள் முழுசாகப் போய்விடவில்லை என்று யாராவது ஒருவர் மூலமாவது தெரிந்துகொள்ள நினைப்பது பெருமைகூட இல்லை. அது ஒரு விசாரிப்பு. கிணற்றடிப் பவழமல்லி இருக்கிறதா என்று அங்கிருந்து கேட்பது போல, எங்களை ஞாபகம் இருக்கிறதா என்று இங்கிருந்து கேட்பது.

இப்படிப் பார்த்தால் பெருமைக்கும் உறவுக்கும் ஒரு பரீட்சை கிடைக்கிறது. அது தோல்வி. 2024 தேர்தலில் டிரம்புக்கு 312 தேர்வாளர் ஓட்டு, கமலாவுக்கு 226. மறுநாள் துளசேந்திரபுரத்தில் வருத்தப்பட்டார்கள் என்று படித்தேன். வருத்தப்பட்டார்கள் என்பது எனக்குப் போதும். வருத்தம் வரவுப் பக்கத்தில் சேராது. தோற்றவருக்காக வருத்தப்படுவதில் யாருக்கும் லாபமில்லை. ரத்தமே இல்லாத உறவு அங்கே, ஒரு நாளைக்காவது, நிஜமாக இருந்திருக்கிறது. அத்தை மகள் அடுத்த தேர்தலில் தோற்றால் எங்கள் வாட்ஸப் குழுவில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். யாரோ ஒருவர் ஒரு சாமி படம் போட்டு 'இனிய காலை வணக்கம்' என்பார்.

ஃப்ளெக்ஸ் போர்டின் போட்டோ எப்படியோ அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. குழுவில் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பிறகு எனக்குத் தனியாக இங்கிலீஷில் எழுதினாள். போர்டுக்குப் பின்னால் தெரிவது அம்மா சொல்லும் அந்த வீடுதானா, பாட்டி தன்னைப் பற்றி எப்போதாவது கேட்டாளா என்று இரண்டு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். அந்த வீடு 2004இல் விற்றுப்போயிற்று. பின்னால் தெரிவது மெடிக்கல் ஷாப். பவழமல்லியை வாங்கினவர் வெட்டிவிட்டார்.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் ஒரு அத்தாட்சி இருக்கிறது. பாட்டி சொல்லி, என் கையெழுத்தில், 2003ஆம் வருஷத் தேதியோடு இரண்டு பக்கம். அதை அனுப்பினால் பாட்டி கேட்டாள் என்பதும் தெரியும், நான் போடவில்லை என்பதும் தெரியும். ஒன்றை மட்டும் அனுப்ப வழியில்லை. மூன்று வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கிராமர் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பும் அதே நாளில் அதையும் தபாலில் சேர்க்காவிட்டால், மேலே எழுதியதையெல்லாம் நண்பர்கள் படிக்கவேண்டிய அவசியமில்லை.